பொன்னில் எழுதிய பேர்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆயினும் பெண்ணொருத்தி ஆடையிலும் அணியிலும் சற்றுக் கூடுதலாக நாட்டம் காட்டினால், அதனை ஆடம்பரம் என்றும் அறியாமை என்றும் குறை கூறுவதும் அதே நாவின் வழக்கமாக இருந்து வருகின்றது. நாட்கூலியில் வாழ்பவள் காதில் பொன் அணிந்துவிட்டாலோ இக்குறை இன்னும் உரத்த குரலில் எழும். "அரிசி வாங்கக் காசில்லை, காதுக்குக் கம்மல் கேட்கிறதோ?" என்பார் பலர். இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், மடுல்சீமை மலையில் கொழுந்து கொய்யும் பெண்ணின் காதையும் மூக்கையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வியப்பு யாதெனில், அவள் அணிந்த பொன்னின் பொருள் விளங்கும்போது, பல்லாயிரம் மைலுக்கு அப்பால், நியூயோர்க் நகரின் வறிய வீதிகளில் ஹிப்-ஹொப் என்னும் புதிய கலையை வளர்த்த பெண்களின் அணிகலன்களும் உடன் விளங்கிவிடுகின்றன என்பதே.

அணிகலன் பேசும் என்பது தமிழர் அறியாத செய்தி அன்று. பாண்டியன் அவையில் கண்ணகி தன் வழக்கை நிறுவியது எதனால்? அரசனுடைய காவலரும் பொற்கொல்லனும் அவள் கணவனைக் கள்வன் என்றனர். அவர்கள் சொல்லுக்கு எதிராக அவள் கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு மாத்திரமே. அவள் கணவனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு உடைந்து, உள்ளிருந்த மாணிக்கப் பரல் தெறித்தபோது வழக்கு முடிந்தது. செல்வாக்கு உள்ளவனுக்கு ஏடும் முத்திரையும் சாட்சி சொல்லும். அவை இல்லாதவளுக்கு அணியே சாட்சி சொல்லும். மலைநாட்டுப் பெண்களின் அணிகலன் வரலாறும் இவ்வுண்மையின் வழியே நடப்பதாகும்.

ஊவா மாகாணத்துப் பதுளை நகரிலிருந்து பசறை வழியாக ஏறிச் செல்லும் மலைப்பாதை மடுல்சீமையை அடைகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று இம்மலைகளின் மீது வறண்டு வீசும். அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தைத் தேடித் தந்தது. ஆயின் தேயிலைக்கு முன் இங்கே விளைந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் துகள் ஒன்று படிந்திருக்கக் கண்டனர். இலங்கைக் கோப்பித் தொழிலையே அழித்தொழித்த அந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் இந்த மடுல்சீமை மலையே ஆகும். அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பி மறைந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது.

பயிர் மாறியதோடு தொழிலாளரும் மாறினர். கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அதற்கெனத் தமிழ்நாட்டிலிருந்து பெரும்பாலும் ஆடவரே கூட்டமாக வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று வாரந்தோறும் கிள்ளி எடுக்கப்பட வேண்டுவது. இதற்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து லயங்களில் நிலைத்தனர். அவ்வாறு வந்த பெண்கள் கைப்பெட்டியில் கொண்டுவந்தது மிகச் சிறிது. உடம்பில் கொண்டுவந்ததே பெரிது. மூக்கில் மூக்குத்தி, காதில் தண்டட்டியும் பாம்படமும், கையில் காப்பு, காலில் தண்டை, முன்கையில் பச்சை குத்திய கோலம் என்று அவர்களுடைய ஊரும் உறவும் உடல்மீதே எழுதப்பட்டிருந்தன. கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள் அக்காலத்தில் விற்ற அஞ்சலட்டைகளில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்களை இன்றும் காணலாம். படத்தின் கீழே அவர்களுடைய பேர் இராது. அவர்கள் அணிந்த நகை மட்டும் தெளிவாகத் தெரியும்.

பாம்படத்தின் அமைப்பை இங்கே சிறிது விளக்குதல் பொருத்தம். சிறு வயதிலேயே காதைக் குத்தி, ஈயக் குணுக்கு மாட்டி, துளையை நாளுக்கு நாள் பெரிதாக்குவர். காதின் மடல் நீண்டு தோளை நோக்கித் தொங்கும் பருவத்தில் பாம்படம் ஏறும். சதுரமும் உருண்டையும் தட்டுமாக அடுக்கிய அந்த நகை, பார்ப்பவர்க்குக் கட்டிப் பொன்போலத் தோன்றும். ஆனால் அதன் உள்ளே இருப்பது அரக்கு. மேலே போர்த்தியிருப்பதே பொற்றகடு. குறைந்த பொன்னில் நிறைந்த தோற்றம் தரும் இவ்வுத்தியைப் போலி என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் எட்ட நின்றே தன்னை அறிந்துகொள்ளும்படி செய்ய விரும்பும் ஏழைப் பெண்ணுக்குப் பொற்கொல்லன் கண்டுதந்த வழி அது. அந்நகையைக் கண்ட மாத்திரத்தில் இவள் இன்ன சீமையாள், இன்ன குடியாள் என்று மற்றவர் உணர்ந்தனர்.

தோட்டத்தில் அவளுடைய ஆடை பெரும்பாலும் அவள் தேர்ந்தது அன்று. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும் பெண்களைப் பார்த்தால் இது விளங்கும். சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி ஒரு படங்கு. தேயிலைச் செடியின் முள்போன்ற கிளைகளும் பனியும் தொடையைத் தாக்காமல் காப்பது அது. மழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை ஒரு கொங்காணி. குளிருக்குக் கறுப்புக் கம்பளி. அதுவும் தோட்டம் கொடுத்துப் பின்னர்ச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. முதுகில் கூடை, நெற்றிக்கு மேலே அதன் கயிறு. இக்கோலத்தில் நூறு பெண்கள் வரிசையாக நின்றால், கழுத்துக்குக் கீழே ஒருத்திக்கும் மற்றொருத்திக்கும் வேறுபாடு காண்பது அரிது. வேறுபாடு எஞ்சியிருப்பது முகத்தில் மாத்திரமே. ஒருத்திக்கு ஒற்றைக் கல் மூக்குத்தி. அடுத்தவளுக்கு இருபுறமும் மூக்குத்தி. மற்றொருத்திக்குச் சிவப்புக் கல் தோடு. இன்னொருத்திக்குக் கூந்தலில் ஒரு காட்டுப்பூ. படங்கு தோட்டத்தின் தேவைக்கு உரியது. மூக்குத்தியே அவளுக்கு உரியது.

தோட்டத்துப் பேச்சு வழக்கில் ஒரு சொல் இதனை இன்னும் கூர்மையாக உணர்த்துகின்றது. ஒரு நாள் வேலை செய்து செக்ரோலில் பதிவு பெறுவதை அங்கே "பேர் போடுதல்" என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிடின், அல்லது நேரம் தவறி மலைக்கு வந்துவிடின், கிடைப்பது "அரைப்பேர்". உலகத்தார்க்குப் பேர் என்பது தாய்தந்தையர் இட்டு அழைப்பது, சாகும்வரை குறையாதது. இங்கோ பேர் என்பது நாள்தோறும் தராசில் நிறுத்து வழங்கப்படுவது, பாதியாகவும் குறையக்கூடியது. அப்படிப் பெற்ற பேருக்கு உரிய கூலியும் நெடுங்காலம் முழுமையாக இருந்ததில்லை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி என்றே வழங்கிற்று. 1984ஆம் ஆண்டில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னரே இருவர்க்கும் நாட்சம்பளம் சமமாயிற்று. அந்தக் கூலியையும் பல தோட்டங்களில் மனைவிக்குப் பதிலாகக் கணவனோ தந்தையோ கைநீட்டி வாங்கினான். நாட்டின் ஏட்டிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

லயத்தின் காம்பரா தோட்டத்திற்குச் சொந்தம், நிலம் சொந்தமில்லை, சம்பளம் கைக்கு வந்ததில்லை, குடியுரிமையும் அன்று இல்லை. இந்நிலையில் ஒரு பெண் "இது என்னுடையது" என்று சொல்லக்கூடிய பொருள் எது? சீட்டுக் கட்டியோ, கோழி வளர்த்தோ, கைக்காசு மிச்சம் பிடித்தோ அவள் பதுளைக் கடைத்தெருவில் வாங்கிய அரைப் பவுன் தோடு ஒன்றே. கதவுக்குப் பூட்டில்லாத வீட்டில் அதை வைக்க இடமும் அவள் காதுதான். ஆகவே அந்தத் தோடு மூன்று தொழில் செய்தது. அது அழகு, அது வங்கி, அது கையொப்பம்.

வங்கி என்பதில் ஒரு துயரமும் அடங்கியிருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்தால், மூத்தவளுக்குச் சடங்கு வந்தால், கிழவனுக்கு நோய் வந்தால், முதலில் கழன்று போவது காதில் உள்ள பொன். அது அடகுக் கடைக்குச் செல்லும்; வட்டி ஏறும்; சில வேளை மீளும், சில வேளை மூழ்கும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நகை அடகு நாடெங்கும் பெருகிற்று. காதிலிருந்து தோடு போனபின் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குத் துண்டையோ வேப்பங் குச்சியையோ செருகிக்கொள்வது தமிழ்ப் பெண்களின் பழைய வழக்கம். அந்தக் குச்சியை வறுமையின் சின்னம் என்று கருதுவார் உண்டு. உண்மையில் அது நம்பிக்கையின் சின்னம். இவ்விடம் காலியாகிவிடவில்லை, உரியவள் மீண்டும் வருவாள் என்று போட்டுவைத்த இருக்கை அது.

இனி, ஹிப்-ஹொப் பிறந்த இடத்திற்குச் செல்லலாம். நியூயோர்க் நகரின் பிரோங்க்ஸ் பகுதியில் பெருஞ்சாலை ஒன்று அமைப்பதற்காக மக்கள் குடியிருப்புகள் பிளக்கப்பட்டன. தொழில்கள் இடம்பெயர்ந்தன, கட்டடங்கள் எரிந்தன. எஞ்சியவர் கறுப்பின மக்களும், கரீபியத் தீவுகளிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் ஆவர். 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள் அங்கே செட்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு சிறு விருந்து நடந்தது. ஜமெய்க்காவிலிருந்து வந்த கிளைவ் கம்பெல் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிகளை நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். கூல் ஹேர்க் என்ற பேரால் உலகம் அறிந்த அவருடைய அந்த இரவே ஹிப்-ஹொப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகின்றது.

ஆயின் அவ்விருந்தை ஏற்பாடு செய்தவர் அவர் அல்லர். அவருடைய தங்கை சிண்டி கம்பெல். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது புதிய உடை உடுத்திச் செல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை; அதற்குப் பணம் திரட்டவே விருந்துக்கு நுழைவுக் கட்டணம் விதித்தார். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். ஆகவே, இன்று உலகெங்கும் பரவியுள்ள அக்கலையின் தொடக்கத்தில் இருப்பது, நல்ல உடை உடுத்தி நாலுபேர் நடுவே நிமிர்ந்து நடக்க விரும்பிய ஓர் ஏழைச் சிறுமியின் ஆசையே ஆகும். அதை ஆடம்பரம் என்று யார் சொல்லத் துணிவார்?

தாளத்தோடு சொல்லை அடுக்கிப் பாடும் ராப் அக்கலையின் குரலாயிற்று. பெரும்பாலும் ஆடவர் நிறைந்த அம்மேடையில் பெண்கள் இடம்பிடித்தபோது, சொல்லுக்கு முன்னரே அவர்களுடைய அணிகலன் பேசிற்று. 1985இல் உருவான சோல்ட்-என்-பெப்பா குழுவினர் பருத்த பொற்சங்கிலியும் பெரிய காதணிகளும் பூண்டு தோன்றினர். கதவு தட்டும் வளையம் போன்ற பெரிய காதணியும், மூங்கில் கணுப்போல் செய்த வளையமும் நியூயோர்க் நகரத்துக் கறுப்பினப் பெண்களுக்கும் ஸ்பானிய மொழி பேசும் பெண்களுக்கும் அடையாளமாயின. அக்காதணிகளும் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமானவை. மேலே மெல்லிய பொற்றகடு உடையவை. மதுரைச் சீமைப் பொற்கொல்லன் பாம்படத்தில் அரக்கை அடைத்ததற்கும், நியூயோர்க் நகைக்கடை வளையத்தைக் குழலாகச் செய்ததற்கும் காரணம் ஒன்றே. கையில் காசு சிறிது. காண வேண்டிய கண்களோ தொலைவில்.

இவற்றுள் மிகவும் கருதத்தக்கது பேர் பொறித்த பொன்னணி. தம் பேரை எழுத்தெழுத்தாகப் பொன்னில் வெட்டுவித்துக் கழுத்திலும் காதிலும் அப்பெண்கள் அணிந்தனர். அவர்களுடைய முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டபோது சொந்தப் பேரை இழந்தவர். எசமானர் இட்ட பேரைச் சுமந்தவர். பள்ளியிலும் அலுவலகத்திலும் தம் பேரைப் பிழையாக உச்சரித்து நகைப்பவர் நடுவே வாழ்ந்த அவர்கள், "இதுவே என் பேர், படித்துப் பார்" என்று கழுத்தில் எழுதிக்கொண்டனர். அரைப்பேர் போடப்பட்ட மடுல்சீமைப் பெண் அந்தப் பொன்னணியைக் கண்டால், மொழி புரியாவிடினும் பொருள் புரிந்துகொள்வாள்.

எல்லாப் பெண்களும் பொன்னையே நாடினர் என்பதும் இல்லை. குவீன் லத்தீபா 1989இல் தமது முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது ஆபிரிக்க மரபைத் தழுவிய தலையணியும் உடையும் பூண்டு, அரசி என்ற பட்டத்தைத் தாமே சூடிக்கொண்டார். எதை அணிவது என்பதைப் போலவே எதை விடுப்பது என்பதும் ஒரு சொல்லாகும்.

இக்கலையில் தமிழ்ப் பெண்ணின் குரலும் ஒலித்திருக்கின்றது. 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரினால் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர் மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பேரில் 2005இல் அவர் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு தந்தையின் பேரால் அமைந்தது. 2007இல் வந்தது தாயின் பேரால் அமைந்தது. அத்தாய் தையல்வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் பெருத்த பொன்னணிகளுமாக மகள் மேடையேறியபோது, அகதி என்றால் தலைகுனிந்து சாம்பல்நிற உடையில் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உடைந்தது.

மலையகத்துக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்து உலகெங்கும் தமிழரைக் கவர்ந்த "எஞ்சாய் எஞ்சாமி" என்ற பாடலைப் பாடகி தீயுடன் இணைந்து பாடியவர் ராப் பாடகர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அதற்குத் தூண்டுதல் என்று அவர் கூறியுள்ளார். 1964 ஒக்ரோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் தீர்க்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறிய அப்பெண்கள் தாங்கள் நட்ட செடியையும் புதைத்த உறவினரையும் விட்டுச் சென்றனர். மூக்குத்தி கூடவே சென்றது. அவர்கள் பேரப்பிள்ளைகளின் தலைமுறையில் அவ்வாழ்வு ஹிப்-ஹொப் தாளத்தில் வெளிவந்தமை தற்செயல் அன்று. நிலத்தை உழுதும் நிலமில்லாதவர் கதைக்கு அத்தாளம் ஏற்கெனவே பழகியிருந்தது.

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பொன் பெண்ணுக்குக் குரலாவது போலவே விலங்காகவும் ஆகும். சீதனத்திற்கு இத்தனை பவுன் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்போது அதே தோடு அவளுடைய சொல்லாக இருப்பதில்லை. அவள்மீது இட்ட விலையாகிவிடுகின்றது. ஹிப்-ஹொப் மேடையிலும் வணிகர்கள் புகுந்தபின், பெண்ணின் உடலும் அணியும் விற்பனைச் சரக்காக்கப்பட்டன என்ற கண்டனத்தை அக்கலையில் வளர்ந்த பெண்களே எழுப்பியிருக்கின்றனர். ஆகவே நகை நல்லதா தீயதா என்று வினவுவதில் பயனில்லை. அதனைத் தெரிந்தெடுத்தவர் யார், கழற்றும் உரிமை யாரிடம் என்று வினவுவதே முறை.

மடுல்சீமையின் இளம் பெண்களிடம் இன்று பாம்படம் இல்லை. நீண்ட காதைப் பிறர் நகைப்பர் என்று அஞ்சிப் பாட்டிமார் பலரே தம் மகளிர்க்கு அவ்வழக்கை நிறுத்தினர். கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பேத்திமார், தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் மலை ஏறி வரும்போது, கவரிங் வளையமும் புதுப்பாணிச் சுடிதாரும் அணிந்து வருகின்றனர். "இதென்ன கோலம்?" என்று கேட்கும் முதியவர்கள், தங்கள் இளமையில் தங்கள் மூக்குத்தியைப் பார்த்துத் துரைமார் வீட்டார் கேட்டதும் இதே கேள்வி என்பதை நினைவுகூர்தல் நன்று. பேத்தியின் வளையம் பித்தளையாக இருக்கலாம். அது அவள் உழைத்த காசில், அவள் கையால் வாங்கியது.

சம்பள நாளன்று மாலை, பதுளைக் கடைத்தெருவில் கண்ணாடிப் பேழைக்கு முன் நின்று ஒரு தோட்டத்துப் பெண் இரண்டு கம்மல்களை மாறி மாறிக் காதில் வைத்துப் பார்ப்பதுண்டு. அவள் நேரத்தை வீணாக்குகிறாள் என்று எண்ணுவோர் எண்ணட்டும். ஆறு நாளும் கங்காணி காட்டிய மலையில், தராசு கூறிய நிறைக்கு, ஏட்டில் போட்ட பேருக்கு உழைத்தவள் அவள். எது தனக்கு வேண்டும் என்று அவ்வாரத்தில் அவளை ஒருவர் கேட்ட முதல் இடம் அந்தக் கண்ணாடிப் பேழை. அவள் நின்று நிதானித்து விடை சொல்லட்டும்.